வாடைக்கு எந்தப் பட்டம்?

யாழ்ப்பாணத்திலிருந்து பூநகரி வழியாக மன்னாருக்குப் போகும் ஏ32 வீதியில், சங்குப்பிட்டிப் பாலத்தில் ஏறியதும் வாகனத்தின் கண்ணாடியை இறக்கினேன். நீரேரியைத் தடவிக்கொண்டு வந்த வாடைக்காற்று மடியில் கிடந்த பத்திரிகையைப் பறித்துப் பின் இருக்கைக்குக் கொண்டுபோனது. "மாமா, இது எத்தினை நொட் இருக்கும்?" என்று கேட்டாள் மருமகள். எனக்கு நொட் கணக்குத் தெரியாது. கொக்குப் பட்டம் ஏறும், எட்டுமூலைப் பட்டத்துக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று சொன்னேன். அவள் அதையே கைபேசியில் குறித்துக்கொண்டாள்.

என் தங்கையின் மகள் ரொறன்ரோவில் பிறந்து வளர்ந்தவள். மார்கழி பிறந்தால் ஒன்ராறியோவின் புளூ மவுண்டன் சரிவில் பனிப்பலகையில் இறங்கி வருவாள். ஒரு கோடையில் அங்குள்ள ஏரிக்கரையில் பட்டச் சவாரியும் கற்றிருந்தாள். அதாவது காற்றில் ஏறிய பெரிய பட்டம் ஆளை இழுக்க, கால்களை ஒரு பலகையில் கொழுவிக்கொண்டு தண்ணீரின் மேல் ஓடுவது. ஊரில் எல்லோரும் 'கைட்' என்று சொல்லிவிடுகிறார்கள். இந்த வருடப் பனிவிடுமுறையை மன்னார்த் தீவில் கழிப்பது, சேர்த்து வைத்த காசில் சொந்தமாகப் பட்டமும் பலகையும் வாங்கிக்கொள்வது என்று தீர்மானித்து வந்திருந்தாள். துணைக்கு நான். வல்வெட்டித்துறையில் ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் பட்டத் திருவிழா நடக்கும் வடமராட்சி மண்ணில் வளர்ந்தவன் என்பதுதான் எனக்கிருந்த ஒரே தகுதி. பட்டத்தைக் கயிற்றோடு பிணைக்கும் முச்சை கட்டத் தெரியும். அது இவ்வளவு உதவும் என்று புறப்படும்போது நினைக்கவில்லை.

பனிப்பலகை தெரிந்தவளுக்குக் கடற்பலகை பழகுவது இயல்பான காரியம். 1965ஆம் ஆண்டு நத்தார் நாளன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பொப்பன் என்பவர் இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளைச் சேர்த்துப் பிணைத்துத் தன் பெண்பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்தார். கடலில் அலைமேல் நின்று போவதைப் பனியில் செய்து பார்க்கும் ஆசை அது. அந்த விளையாட்டுச் சாமான் வளர்ந்து 1998இல் நகானோ பனிக்கால ஒலிம்பிக்கில் ஏறியது. பட்டத்தின் கதை பிரான்சில் தொடங்குகிறது. புரூனோ, டொமினிக் லெகெய்ன்யூ என்ற சகோதரர்கள் முன்விளிம்பில் காற்றடைத்த குழாயுள்ள பட்டத்துக்கு 1984இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். தண்ணீரில் விழுந்தாலும் மூழ்காமல் மிதந்து, அங்கிருந்தே மறுபடி ஏறும் பட்டம் அது. இந்தச் சவாரி பரவ அந்தக் குழாய் பெரிதும் உதவியது. 2024இல் பட்டச் சவாரியும் ஒலிம்பிக்குக்குப் போனது. போட்டிகள் மார்செய்க் கடலில் நடந்தன.

வழியெல்லாம் அவள் எனக்குப் பனிக்கடைப் பாடம் சொல்லிக்கொண்டே வந்தாள். பலகையின் வடிவையும் நிறத்தையும் பார்த்து மயங்குகிறவர்கள் முதல் நாளே காலைப் புண்ணாக்கிக்கொள்வார்களாம். முதலில் வாங்க வேண்டியது சப்பாத்து. குதிக்கால் உள்ளே எழும்பக்கூடாது, பெருவிரல் முனையை மெல்லத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். பலகையின் நீளத்தை உயரத்தை விட உடல் எடைதான் தீர்மானிக்கிறது. அகலத்தைத் தீர்மானிப்பது சப்பாத்தின் அளவு. பலகை ஒடுங்கினால் திரும்பும்போது விரல்நுனி பனியில் உரசி ஆளை விழுத்திவிடும்.

"அப்ப கடலில சப்பாத்துக்குப் பதில் என்ன?" என்றேன்.

"இடைவார் மாமா. ஹார்னஸ். அதை மட்டும் அங்கேயே போட்டுப் பாத்து வாங்கிக்கொண்டு வந்திட்டன்."

அது சரியான முடிவு என்று பிறகு கடற்கரையில் கண்ணால் கண்டேன். பட்டத்தின் இழுவை முழுவதையும் தாங்குவது கை அல்ல, இடுப்பைச் சுற்றிய அந்த வார்தான். தளர்ந்திருந்தால் இழுக்க இழுக்க மேலே ஏறி விலா எலும்பில் குத்தும். கடையில் வாரைக் கட்டி, கொக்கியில் கயிறு போட்டுத் தொங்கிப் பார்த்த பிறகுதான் பணம் கொடுக்க வேண்டும். அடுத்தவரின் வாரை இரவல் வாங்கிப் பழகுவது அடுத்தவரின் பல்லுச்செட்டைப் போட்டுச் சாப்பிடுவது போல. ஆனால் அவள் அதோடு ஐந்து மில்லிமீற்றர் தடிப்பான ரப்பர் உடையையும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஒன்ராறியோ ஏரிக்கு அது உயிர்க்காப்பு. தை மாதத்திலும் வெதுவெதுப்பாகக் கிடக்கும் மன்னார்க் கடலுக்கு ஒரு முழுக்கைச் சட்டை போதும், அதுவும் குளிருக்காக அல்ல, வெயிலுக்காக. எந்தக் கடையும் தன் வாசலில் அடிக்கும் காற்றுக்கும் குளிருக்கும்தான் பொருள் விற்கும். வாங்குகிறவர் போகப்போகும் இடத்தை வாங்குகிறவர்தான் சொல்ல வேண்டும்.

தள்ளாடியைக் கடந்து, தீவுக்குப் போகும் தாம்போதியில் ஏறினோம். இரு பக்கமும் ஆழமில்லாத நீர், அதில் தலைகீழாக வானம். கோட்டை வாசலில் நாலைந்து கழுதைகள் வீதியை விட்டு நகர மனமில்லாமல் நின்றன. 1560இல் போர்த்துக்கேயர் கட்டி, பின்னர் ஒல்லாந்தர் திருத்திய கோட்டை அது. பள்ளிமுனைப் பெருக்கமரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, பேசாலை வழியாக நேரே தலைமன்னாருக்குப் போனோம். மன்னாரைப் பற்றி எழுத ஆயிரம் இருக்கிறது. இந்தமுறை நான் காற்றைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

தலைமன்னார் இறங்குதுறையில் நின்றால் காற்று எதிலும் தடைபடாமல் வருகிறது. 1914இல் தனுஷ்கோடிக்கு இங்கிருந்துதான் கப்பல் ஓடத் தொடங்கியது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. போரில் அழிந்த தண்டவாளம் 2015 மார்ச்சில் மீண்டும் திறக்கப்பட்டு, இப்போது ரயில் துறைமுனை வரை வருகிறது, கப்பல்தான் இல்லை. வெளிச்சவீட்டுக்கு அப்பால் மணல் தீடைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடலுக்குள் போகின்றன. 2015இல் அந்தப் பகுதி ஆதாம் பாலம் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கடல் எல்லையும் பக்கத்தில்தான். அனுமதி இல்லாமல் பட்டத்தோடு அந்தப் பக்கம் போவதை நினைத்தும் பார்க்கக்கூடாது.

கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் போய் உட்கார்ந்தோம். எந்தப் பொருளை வாங்குவது என்று கேட்க வந்தவர்கள் முதலில் அவரிடம் போனதுதான் இந்தப் பயணத்தில் நாங்கள் செய்த மிக நல்ல காரியம்.

"வாடைக்கு வடகடல்ல தொழில் இல்ல ஐயா. வள்ளத்தக் கொண்டுபோய்த் தென்கரையில விட்டிருவம். அங்க குளம் மாதிரிக் கிடக்கும். சோளகம் தொடங்கினா மறுபடி இஞ்சால" என்றார். பிறகு மருமகளைப் பார்த்து, "ஆனா பிள்ள, நீங்க அந்தக் குளத்த நம்பி இறங்கிராதீங்க. தென்கரையில வாடை கரையில இருந்து வெளிய தள்ளும். வள்ளத்துக்கு இஞ்சின் இருக்கு. உங்களுக்கு என்ன இருக்கு?" என்றார்.

மன்னார்த் தீவு வடமேற்கு, தென்கிழக்காக நீண்டு கிடக்கிறது. வடகிழக்கிலிருந்து வரும் வாடை வடகரையில் மோதி, தீவைத் தாண்டித் தென்கரையிலிருந்து கடலுக்குள் போகிறது. மீனவருக்குப் பாதுகாப்பான பக்கம் பட்டம் பிடிப்பவருக்கு ஆபத்தான பக்கம். கயிறு ஒன்று அறுந்தால், பட்டம் விழுந்து ஏறாமல் போனால், காற்று ஆளை மன்னார் வளைகுடாவுக்குள் கொண்டுபோய்விடும். வடகரையில் நேரே முகத்தில் அடிக்கும் காற்றும் நல்லதல்ல, அது ஆளைத் தூக்கிக் கரையிலே போடும். கரைக்குச் சாய்வாக வரும் காற்றுத்தான் வேண்டும். தீவின் முனையில் கரை வளைவதால் அப்படிப்பட்ட இடங்கள் அங்கே கிடைக்கின்றன. இவ்வளவையும் அவர் ஈர்க்குத் துண்டால் மணலில் கீறிக் காட்டினார்.

அடுத்த கேள்வி பட்டத்தின் அளவு. சதுர மீற்றரில் சொல்கிறார்கள். மருமகளின் கையடக்கக் காற்றுமானி அன்று முற்பகலில் 13க்கும் 17க்கும் இடையில் ஆடியது. ஒரு நொட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல், அதாவது 1.852 கிலோமீற்றர். காற்றின் வேகம் ஏறும் அளவிலேயே இழுவையும் ஏறும் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியல்ல, அது வேகத்தின் இருபடியாக ஏறும். 12 நொட் காற்று 17 ஆகும்போது பார்வைக்கு ஐந்துதான் கூடியிருக்கிறது, பட்டமோ இரண்டு மடங்கு இழுக்கிறது. அதனால்தான் ஒரே பட்டத்தோடு எல்லாக் காலத்துக்கும் காலம் தள்ள முடியாது. 75 கிலோ எடையுள்ளவர் வாடைக்கு 12 மீற்றர்ப் பட்டம் வைத்திருந்தால், மே முதல் செப்டெம்பர் வரை அடிக்கும் சோளகத்துக்கு 9 மீற்றரோ அதற்கும் சிறியதோ வேண்டும். சோளகம் பலமானது, விடாமல் அடிப்பது. வாடை மெலிந்தது, குழறிக் குழறி வருவது. மருமகளின் எடை 55 கிலோ. ரொறன்ரோக் கடைக்காரர் அவளுக்கு 7 மீற்றர் எழுதிக் கொடுத்திருந்தார். மன்னார்ச் சோளகத்துக்கு அது கச்சிதம். தை மாத வாடைக்கு அதை வைத்துக்கொண்டு கரையில் நின்று கடலைப் பார்க்கலாம். அவளுக்கு வேண்டியது 9 அல்லது 10.

பலகை விடயத்தில் அவள் என்னிடம் எதையும் கேட்கவில்லை. மெல்லிய காற்றுக்குச் சற்றுப் பெரிய, வளைவு குறைந்த, தட்டையான பலகை வேண்டும்; 136 சென்ரிமீற்றர் போதும் என்று ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டாள். பனியில் அவளுக்கு இடது கால் முன்னால் நிற்கும். இங்கே பலகை இரு பக்கமும் ஒரே மாதிரி, போகும் திசை மாறினால் முன்கால் மாறிவிடும். பழகிய கால் மட்டும் முன்னே நிற்பது இங்கே உதவாது என்று அவள் சொன்னதை ஆமோதித்துத் தலையாட்டினேன்.

இலங்கையில் பட்டச் சவாரிப் பள்ளிகள் கற்பிட்டியில்தான் நிறைய. மன்னாரில் விரல்விட்டு எண்ணலாம். புதிய பட்டம் ஒன்றின் விலை ஆயிரம் அமெரிக்க டொலரைச் சாதாரணமாகத் தாண்டும். பாவித்த பட்டங்கள் அதில் பாதிக்கும் குறைவாகக் கைமாறும், அங்கேதான் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். இந்தக் கரையில் முத்துக்குளித்த காலத்தில் சிப்பியைத் திறக்காமல் ஆயிரம் ஆயிரமாக ஏலம் விட்டார்கள். உள்ளே முத்து இருந்தால் வாங்கியவன் அதிட்டம். சிப்பியைத் திறந்து பார்த்து வாங்க வழியில்லை, பட்டத்துக்கு வழி இருக்கிறது. ஒருவர் விற்க வைத்திருந்த 10 மீற்றர்ப் பட்டத்தை மணலில் விரித்தோம்.

மருமகள் துணியைக் கையால் கசக்கினாள். நல்ல துணி புதுத் தாள்போலச் சரசரக்கும். வெயிலில் மக்கிய துணி சத்தமில்லாமல் பழஞ்சேலைபோல மடங்கும். மன்னார் வெயில் நைலோனையும் பொலியெஸ்ரரையும் ஒரே கண்ணால்தான் பார்க்கிறது. பாவிக்காமல் மணலில் கிடந்தாலும் துணி மக்கும். பிறகு துணியைச் சூரியனுக்கு எதிரே பிடித்து ஊசித்துளைகளைத் தேடினோம். குழாய்களில் காற்றடித்துவிட்டு, "நாளைக்கு விடிய வந்து பாக்கிறம்" என்று சொல்லிப் போய்விட்டோம். இதற்கு விற்பவர் முகம் சுளித்தால் அந்தப் பட்டத்தை விட்டுவிட வேண்டும். விடிய வந்து பார்த்தபோது நடுக்குழாய் ஒன்று துவண்டு கிடந்தது. வெக்கையில் வால்வின் பசை இளகியிருந்தது. அது திருத்தக்கூடிய குறை, ஆனால் விலையில் கழிக்க வேண்டிய குறை. முந்திய வருடம் இணையத்தில் முகம் தெரியாத ஒருவரிடம் அவள் படத்தைப் பார்த்து வாங்கிய பட்டத்தில் ஐந்து வால்வும் அப்படிக் கழன்று வந்தனவாம். அந்தப் பணம் போனது போனதுதான்.

கயிறுகளைப் பார்க்கும் முறை எனக்குத் தெரிந்திருந்தது. இந்தப் பட்டத்துக்கு நாலு கயிறு, ஒவ்வொன்றும் 20 மீற்றருக்கு மேல். நடுக்கயிறுகள் இரண்டும் ஆளின் பாரத்தைச் சுமக்கின்றன, ஓரக்கயிறுகள் இரண்டும் திசை திருப்புகின்றன. பாரம் சுமக்கும் கயிறு நாளடைவில் நீளும். நீண்டால் பட்டம் முன்னே போகாமல் பின்னால் சாய்ந்து விழும். வடமராட்சியில் மேல்முச்சை நீண்டுவிட்ட பட்டம் செய்வதும் அதுதான். எந்தச் சின்னப் பையனைக் கேட்டாலும், "முச்சை பிழைச்சுப் போச்சு, அவிட்டுக் கட்டு" என்பான். நாலு கயிற்றின் நுனிகளையும் ஒரு பனையில் கொழுவி, மறுமுனையில், சவாரியின்போது கையில் பிடிக்கும் தடியை இழுத்தேன். நடுக்கயிறு இரண்டும் ஒரு விரற்கடை நீண்டிருந்தன. அறுபது வயதில் என் பட்ட அறிவுக்கு இப்படியொரு வேலை கிடைத்த சந்தோசத்தில் அன்று மத்தியானம் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

விட்டுக்கொடுக்கவே கூடாத ஒன்று இருக்கிறது. தடிக்கும் இடைவாரின் கொக்கிக்கும் நடுவே, சிவப்பு நிறத்தில் ஒரு கழற்றி உண்டு. தள்ளினால் பட்டம் இழுவையை உடனே இழந்து கிடக்கும். உப்பும் மணலும் ஏறி அது இறுகிப் போயிருந்தால் மற்ற எல்லாம் புதிதாக இருந்தும் பயனில்லை. விற்பவர் முன்னாலேயே பத்துத் தரம் தள்ளிப் பார்க்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டும் தள்ளிப் பார்க்க வேண்டும். தலைக்கவசமும் நெஞ்சுச் சட்டையும் வாங்கக் காசில்லை என்பவர் பட்டத்தையும் அந்த வருடம் வாங்க வேண்டாம். இன்னொன்று: பள்ளியில் கற்று முடிக்காமல் எதையும் வாங்கக்கூடாது. கற்கும்போதே நாலைந்து அளவுகள் கைக்கு வந்துபோகும். எது தனக்குச் சரிவரும் என்பது அப்போது உடம்புக்குத் தெரிந்துவிடும்.

வால்வுக்காக விலை குறைத்து அந்தப் பட்டத்தை வாங்கினாள். அன்று பிற்பகல், தலைமன்னார் முனையில் கரை வளையும் இடத்தில், அவள் முதல் தரம் ஓடியதைப் பார்த்தேன். பட்டம் ஏறியதும் கயிறுகள், ஊர்ப் பட்டத்தில் ஒலிக்கக் கட்டும் விண்போல இரைந்தன. பலகை தண்ணீரைக் கிழித்த கோடு நெடுநேரம் அழியாமல் கிடந்தது. கரையில் பலகை பொத்தென்று விழும் சத்தம் கேட்கும்வரை நான் மூச்சை முழுசாக விடவில்லை.

வங்காலைப் பக்கம் பட்டம் ஏற்ற வேண்டாம் என்று அவளிடம் கண்டிப்பாகச் சொன்னேன், அவளும் கேட்டுக்கொண்டாள். 2008இல் சரணாலயமாகவும் 2010இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட இடம் அது. நாங்கள் விடுமுறைக்கு வரும் அதே மாதங்களில் பூநாரைகளும் அங்கே வந்து தங்குகின்றன. தலைக்கு மேல் பத்து மீற்றர் நிழல் ஒன்று பாய்ந்தால் கூட்டம் முழுவதும் கலைந்து எழும்பும்.

திரும்பும் வழியில் தென்கரையில் காற்றாலைகள் தெரிந்தன. 30 கோபுரங்கள், 103.5 மெகாவாற். தம்பபவனி என்ற பெயரில் 2020 டிசம்பரில் திறந்தார்கள். மழைநீர் வடிவதில்லை, கரைக்கு மீன் வருவதில்லை என்று ஊரவர்கள் குறைப்படுகிறார்கள். இன்னும் காற்றாலைகள் வேண்டாம் என்று 2025இல் நாட்கணக்காக வீதியில் நின்றார்கள். மன்னாரின் காற்றுக்கு இப்போது பெரிய விலை இருக்கிறது. அந்த விலையில் மன்னார்ப் பிள்ளைகளின் கைக்கு வருவது மிகக் கொஞ்சம் என்பதை நான் கரையிலேயே பார்த்துவிட்டேன்.

எங்கள் பட்டத்தைக் காற்றுக்கு எடுத்துக் கொடுத்தவன் பதினேழு வயதுப் பையன், மீன்பிடிக் குடும்பம். வெளிநாட்டவரின் பட்டங்களை விரிப்பான், காற்றடிப்பான், பிடித்துக்கொடுப்பான், மாலையில் நல்லதண்ணியில் கழுவி மடிப்பான். மருமகள் காற்றுமானியை எடுக்க முதலே, "இப்ப ஏத்தாதீங்க அக்கா, கொஞ்சம் பொறுங்க" என்றான். அடுத்த நிமிடம் காற்று விழுந்தது. ஒருவர் கழித்து விட்டுப்போன கிழிந்த பட்டம் ஒன்று அவனிடம் இருந்தது. அறுந்த கயிற்றை வலை முடிச்சால் அழகாகப் பொருத்தியிருந்தான். குழாயின் ஓட்டைக்குச் சைக்கிள் ரியூப் சொலூசனைப் பூசிப் பார்த்திருக்கிறான், ஒட்டவில்லை. அந்தக் குழாய் ரப்பர் அல்ல, பொலியூறத்தேன். அதற்கென்று தனி ஒட்டுத்துண்டு வேண்டும், மன்னார் பசாரில் அது கிடைக்காது. மருமகள் தன் பையிலிருந்த ஒட்டுத்துண்டுகள் அத்தனையையும் அவனிடம் கொடுத்தாள். இடைவார்தான் இல்லை. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு பழகுகிறான், அது ஆபத்து.

கனடாவிலும் லண்டனிலும் சுவிசிலும் இருக்கும் பிள்ளைகளே, பனிவிடுமுறைக்கு ஊருக்கு வரும்போது உங்கள் வீட்டு நிலவறையில் சும்மா கிடக்கும் இடைவார், தலைக்கவசம், நெஞ்சுச் சட்டை, ஒரு செட் கயிறு, ஒட்டுத்துண்டுகள் இவற்றைப் பெட்டியில் போட்டு எடுத்து வாருங்கள். சிறிய அளவுகளாகப் பார்த்து எடுங்கள், இங்குள்ள பிள்ளைகள் மெலிந்தவர்கள். உள்ளூர்ப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் பள்ளியிடம் கொடுத்து, அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள் என்று கேளுங்கள். வாடை மாசி கடைசி வரை அடிக்கும்.